உப்புக்குள் ஒரு கணக்கு: மேக்ஸ் பார்ன்

முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரி பேப்பரில் வந்த பார்ன்–ஹேபர் சுழற்சி ஞாபகம் இருக்கா? அம்புக்குறிகளை மட்டும் மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு வந்தவர்களில் அடியேனும் ஒருவன். அந்தப் பெயரில் பாதிக்குச் சொந்தக்காரரான மேக்ஸ் பார்ன் யார் என்பதை, வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்று போலந்தில் உள்ள பிரெஸ்லாவ் நகரில், 1882-ல், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சின்ன வயசிலேயே தாயை இழந்தார். 1918-ல் பெர்லினில் லாண்டேயுடன் சேர்ந்து, படிகத்தில் அயனிகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன என்பதற்குச் சூத்திரம் கண்டார். அதுதான் லாட்டிஸ் எனர்ஜி. சாப்பாட்டு உப்புக்கு அந்தச் சூத்திரம் தருவது மோலுக்குச் சுமார் 756 கிலோ ஜூல்.

சரி, காகிதக் கணக்கு சரியா என்று எப்படிப் பார்ப்பது? உப்பைத் தனித்தனி அயனிகளாகப் பிரித்து நேரடியாக அளப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பார்ன் 1919-ல் சுற்றுவழி ஒன்று சொன்னார். ஹேபர் அதைப் படமாகப் போட்டுக் காட்டினார். போரில் விஷவாயு வேலையை நடத்தியவர் ஹேபர், அதில் சேர மறுத்தவர் பார்ன். ஆனாலும் அறிவியலில் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

இன்றைய அளவுகளில் போட்டுப் பாருங்கள். உப்பு உருவாகும் வெப்பம் 411, சோடியத்தை ஆவியாக்க 108, அதன் எலக்ட்ரானைப் பறிக்க 496, குளோரினைப் பிரிக்க 121. எல்லாம் கூட்டி, குளோரின் எலக்ட்ரானை ஏற்கும்போது தரும் 349-ஐக் கழித்தால் 787. காகிதக் கணக்குக்கும் இதற்கும் நாலு சதவீதம்தான் வித்தியாசம்! உப்பு உண்மையிலேயே அயனிகளால் ஆனது என்பதற்கு இதுவே சாட்சி. வெள்ளி அயோடைடில் வித்தியாசம் 100-ஐத் தாண்டும். அங்கே சூத்திரம் தோற்கவில்லை. பிணைப்பில் எலக்ட்ரான் பங்கீடும் கலந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது.

1933-ல் ஹிட்லர் ஆட்சி கோட்டிங்கனில் அவர் வேலையைப் பறித்தது. 1935-ல் நம்ம சர் சி.வி. ராமன் அழைத்து பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்தார். நிரந்தரப் பதவி தர ராமன் பாடுபட்டார். ஆனால் ஒரு கூட்டத்தில் சக பேராசிரியர் ஒருவர் அவமானப்படுத்த, வீட்டுக்கு வந்து மனைவியிடம் அழுதாராம். 1936-ல் எடின்பரோ அவரை ஏற்றுக்கொண்டது. பின்னாளில் படிக அதிர்வுகள் பற்றி ராமனோடே பெரிய கருத்து மோதல் வந்தது. அதிலும் சோதனைகள் பார்ன் பக்கமே நின்றன. குவாண்டம் இயற்பியலில் செய்த வேலைக்காக 1954-ல் நோபல் பரிசு பெற்று, 1970-ல் கோட்டிங்கனில் மறைந்தார்.

டிராயிங்கில் உள்ளதும் சைட்டில் அளந்ததும் ஒத்துப்போகாதபோது, ஏதாவது ஒன்றைத் திருத்தி ஒப்பேற்றத்தான் நமக்கு முதலில் கை வருகிறது. அப்போதெல்லாம் எனக்கு வெள்ளி அயோடைடு ஞாபகம் வரும். அந்த வித்தியாசம் என்ன சொல்கிறது என்று ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்களேன்!