கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

கலாயோகி என்று போற்றப்படும் ஆனந்த குமாரசுவாமி அவர்களின் பெயரை நானுஓயா வாலிபர் பலர் கேட்டிருப்பர். வாழ்க்கையை அறிந்தோர் சிலரே. மிஷன் பாடசாலையிற் பயின்ற நாமும் சர்வகலாசாலைக்குச் சென்ற பின்னரே அதை அறிந்தோம். நம் தோட்டங்களில் நெடுங்காலமாக உள்ள ஒரு துயரத்தை அவ்வாழ்க்கை நினைவூட்டியமையால் இம்மலரில் அதனை எழுத முன்வந்தோம்.

அன்னார் 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்புக் கொள்ளுப்பிட்டியிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி, சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்த தமிழ்ப் பெருமகன். சேர் பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் தாய்மாமன். தாயார் எலிசபெத் அம்மையார், இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். பிள்ளைக்கு ஆனந்த கென்ரிஷ் குமாரசுவாமி என்று பெயரிட்டனர். தாயின் ஊரும் தந்தையின் பெயரும் அதில் ஒன்றாயின.

1879இல் தந்தையார் காலமானபோது குழந்தைக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. தாயாரே இங்கிலாந்தில் வளர்த்தார். இலண்டன் சர்வகலாசாலையில் 1900இல் பட்டம் பெற்ற ஆனந்தர், 1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பகுதியின் அதிபரானார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளை உலகறியச் செய்தவர் அவரே.

அது மலைநாட்டுத் துரைமாரின் கழகங்கள் சுதேசிகளை உறுப்பினராகச் சேர்க்காத காலம். கல்வியும் பதவியும் உடைய அவர், தம்மிலுள்ள ஆங்கிலப் பாதியை மட்டும் காட்டி வாழ முயன்றிருக்கலாம். அவ்வாறு செய்தாரில்லை. இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராக நின்று, மேனாட்டு உடையையும் நடையையும் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்தார். தாய்மொழிக் கல்வி வேண்டுமென வாதாடினார். ஆங்கிலத் தாயின் மகனுக்கு இதைச் சொல்ல என்ன உரிமை என்று வினவத் தோன்றலாம். அதற்கு அவருடைய உழைப்பே விடை. கண்டி நாட்டுக் கம்மாளரையும் ஓவியரையும் நெசவாளரையும் நாடிச் சென்று, இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டார். தமிழ்த் தந்தையின் மகன் சிங்களக் கைவினைக்குச் செய்த தொண்டு அது.

1917இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகர நூதனசாலையில் இந்தியக் கலைப் பகுதியின் பொறுப்பேற்றார். 1918இல் வெளிவந்த சிவ நடனம் என்னும் கட்டுரைத் தொகுதி, நடராசப் பெருமானின் திருவுருவப் பொருளை மேனாட்டாருக்கு விளக்கியது. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள், தமது எழுபதாம் வயதில் அங்கேயே மறைந்தார்.

ஆனந்தருக்குத் தந்தையின் பெயர் இருந்தது; செல்வமும் சுற்றமும் இருந்தன. நம் தோட்டங்களில் துரைமாருக்கும் லயத்துப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் பலருக்கோ தந்தையின் பெயரும் கிட்டவில்லை. பங்களாவில் அவர்களுக்கு இடமில்லை; லயத்திலோ நிறத்தைச் சுட்டி ஏளனம் செய்தனர். பங்களாவின் குற்றத்தை நாம் எளிதிற் பேசுகிறோம். லயத்தின் குற்றம் நம்முடையது. அவ்வழி வந்தோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். கலாயோகியைப் பெருமையோடு நம்மவர் என்கிறோம். நம் அயலில் வாழும் ஏழைப் பிள்ளையையும் அவ்வாறே நம்மவர் என்போமாயின், நாம் அவரைப் போற்றுவதில் உண்மையுண்டு. வாலிபர் இதனைச் சிந்திப்பார்களாக, பெரியோர் வழிகாட்டுவார்களாக.

வாழ்க கலாயோகியின் நாமம்!