கரு வளர்த்த கலாநிதி

சென்ற நவராத்திரி விடுமுறையில், வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிற் பூசை முடிந்து யான் இல்லந் திரும்பிய மாலைப்பொழுதிலே, என்னுடன் கற்பிக்கும் நண்பர் இருவர் வந்திருந்தனர். ஒருவர் சம்மாந்துறை மௌலவி. மற்றவர் கல்முனையைச் சேர்ந்த கத்தோலிக்கர், விஞ்ஞான ஆசிரியர். மனித முளையத்தை ஆய்வுக்குப் பயன்படுத்துதல் அறமாகுமா என்னும் வினா எம்மிடையே எழுந்தது.

கருத்தரித்த கணம் முதலாகவே அதனை மனிதனாக மதித்தல் வேண்டுமென்னும் தம் திருச்சபையின் போதனையைக் கத்தோலிக்க நண்பர் எடுத்துரைத்தார். உயிர் ஊதப்படுவது 120 நாட்களின் பின்னரே என மார்க்க அறிஞர் பலர் கொள்வதையும், 40 நாளெனக் கொள்வாரும் உளர் என்பதையும், அதற்கு முன்னரும் கரு வீணே அழித்தற்குரிய பொருளன்று என்பதையும் மௌலவி விளக்கினார். யானோ, மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலிலே கருவுறும் இடர்களை மாதந்தோறும் எண்ணிக் காட்டியமையையும், திருமூலர் கர்ப்பக்கிரியை எனத் தனிப்பகுதி வகுத்தமையையும் நினைவூட்டினேன். மூவரும் ஒரு முடிவுக்கு வந்தோமல்லோம். அவ்வேளை, இவ்வினாவின் வாயிலிலே நின்று மாண்ட வங்காள மருத்துவர் ஒருவரின் வரலாற்றை நண்பர்க்குக் கூறலானேன்.

சுபாஷ் முகோபாத்தியாயர் 1931ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் ஹசாரிபாக்கிலே பிறந்தார். கல்கத்தாவில் மருத்துவம் பயின்று 1955இல் பட்டம் பெற்றார். மகப்பேற்று உடற்றொழிலியலில் 1958இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும், மகப்பேற்று அகஞ்சுரப்பியலில் 1967இல் எடின்பரோவிலும் ஆக இருமுறை கலாநிதிப் பட்டம் பெற்றார். மேனாட்டிலே தங்கிப் பொருளீட்டும் வாய்ப்பிருந்தும் தாயகம் மீண்டு, அரசினர் மருத்துவக் கல்லூரிகளிலே ஆசிரியப் பணி ஆற்றினார்.

சூற்குழாய் பழுதுற்றமையால் மகப்பேறின்றி வருந்திய பெண்ணொருவர் அவரை நாடினார். குளிரியல் வல்லுநர் சுனித் முகர்ஜியும், மகளிர் மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சாரியாவும் அவருக்குத் துணையாயினர். ஓமோன் ஊசியாற் பல சூல்களை முதிரச் செய்து, அவற்றை வெளியே எடுத்துக் கருவுறச் செய்தார். எட்டுக் கலங்களாகப் பிரிந்த முளையத்தை 53 நாட்கள் உறைகுளிரிற் காத்து, பின்னர் அதனைத் தாயின் கருப்பையில் வைத்தார். 1978 ஒக்டோபர் 3ஆம் நாள் பெண்மகவு பிறந்தது. துர்க்கா பூசைக் காலமாதலின் அது துர்க்கா எனப் பெயர் பெற்றது. இங்கிலாந்திலே உலகின் முதற் பரிசோதனைக் குழாய்க் குழந்தை பிறந்து அப்போது 70 நாட்களே ஆகியிருந்தன.

ஆயின், போற்றற்குரியவர் தூற்றப்பட்டார். பெற்றோர் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சித் தம் பெயர் வெளிப்படுவதை விரும்பிலர். மருத்துவரும் அவர்தம் மறையைக் காத்தார். மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழுவின் தலைவர் வானொலிப் பௌதிகம் வல்லவர். அக்குழு அவர் கூற்றைப் பொய்யெனத் தள்ளியது. ஜப்பானிலே தம் ஆய்வை விளக்க 1979இல் வந்த அழைப்பை ஏற்கவும் அரசு இசைவளிக்கவில்லை. 1981 யூனில் கண் மருத்துவ நிலையமொன்றுக்கு மாற்றப்பட்டார். இதய நோயும் அவமதிப்பும் ஒருங்கே வருத்த, அம்மாதம் 19ஆம் நாள் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அகவை ஐம்பது.

இங்கே ஒன்று சிந்தித்தற்குரியது. முளையத்தை உறைய வைத்தல் தகுமா, அதன்பால் நமக்குரிய கடமை யாது என்பனவே அன்று கேட்டிருக்கவேண்டிய வினாக்கள். கல்கத்தாக் குழு இவர் பொய்யரா என்பதனை மட்டுமே ஆராய்ந்தது. இங்கிலாந்திலே 1982இல் அமைந்த குழுவுக்கு மெய்யியலறிஞர் மேரி வார்னொக் அம்மையார் தலைமை தாங்கினார். அவரும் கருவியலார் அல்லர். ஆயினும் மாறுபட்ட கொள்கையினர் பலரையும் செவிமடுத்து, 14 நாட்களுக்கு மேல் முளையத்தை ஆய்வுகூடத்தில் வளர்த்தலாகாதென 1984இல் அக்குழு வரம்பு கூறியது. ஏறத்தாழ அந்நாளிலேதான் உடலின் அச்சைக் காட்டும் முதற்கோடு முளையத்தில் தோன்றுகின்றது. அதன் முன்னர் ஒன்று இரண்டாகி இரட்டையராதலும் கூடும். 1990இல் அவ்வரம்பு ஆங்கு சட்டமாயிற்று. 2021இல் உலகக் குருத்துக்கல ஆய்வாளர் சங்கம் தன் நெறிமுறையில் அதனைத் தளர்த்தியதும் விவாதம் மீண்டும் மூண்டது.

முகோபாத்தியாயர்க்குரிய நீதி தாமதித்தே வந்தது. 1986இல் மும்பாயிற் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதற்குழந்தை எனப்பட்டது. அப்பணியில் முன்னின்ற விஞ்ஞானி ஆனந்தகுமார், மறைந்தவரின் குறிப்பேடுகளைப் படித்து, முதன்மை தமக்குரியதன்று, அவர்க்கே உரியதென 1997இல் எழுதினார். தமக்கு வாய்த்த புகழைத் தாமே எடுத்துப் பிறர்க்கு அளித்தல் எளிதோ! பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் முகோபாத்தியாயரின் பணியை ஏற்றது.

இவ்வரலாற்றைக் கேட்டு மௌலவி நெடுநேரம் வாளாவிருந்தார். சாட்சியத்தைச் செவ்வனே ஆராயாது தீர்ப்புரைத்தல் எம்மார்க்கத்துக்கும் ஒவ்வாதென்றார். கத்தோலிக்க நண்பரோ, அம்மருத்துவர் செய்கையைத் தாம் இன்றும் ஏற்கவில்லை என்றும், ஆயினும் அவர்க்கிழைத்தது அநீதியே என்றும் மொழிந்தார். அவர் நேர்மை என்னை உருக்கியது. முளையத்தின் நிலை பற்றி நாங்கள் மூவரும் இன்னும் ஒன்றுபட்டிலோம். அவ்வழக்கு விரைவில் தீர்வதுமன்று. ஆயின், பிறவாத உயிரின் மாண்பை வழக்காடும்போது, எதிரே நிற்கும் உயிரின் மாண்பை மறத்தலாகாது என்பதில் அன்று மூவரும் உடன்பட்டோம். மாணவர்க்கு அறம் போதிக்கும் நாம் இதனை முதலிற் கற்றல் நன்று.