முடங்கிய வீரர்களை வேலைக்கு அனுப்பிய டாக்டர்



1983-ல் நான் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தபோது, என் பக்கத்து மேஜையில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் இருந்தார். பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து, முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று வந்தவர். மேனேஜர் கூப்பிட்டால் விறைப்பாக எழுந்து நிற்பார். லெட்ஜரில் பதிவு போடத் தடுமாறுவார். நாங்கள் நாலைந்து இளைஞர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். எல்லையில் நின்றுவிட்டு வந்த மனிதருக்கு டெபிட், கிரெடிட் சொல்லித்தர எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரே இரவில் உட்கார்ந்து படித்து, ஒரு வருடத்தில் எங்களைவிடச் சுத்தமாகக் கணக்கு எழுதினார். பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் பணியில் 14.5 சதவீதமும், கடைநிலைப் பணியில் 24.5 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. சட்டம் அவருக்கு நாற்காலி கொடுத்தது. பக்கத்தில் இருந்த நாங்கள்தான் எதுவும் கொடுக்கவில்லை.

அண்மையில் டாக்டர் லுட்விக் குட்மன் அவர்களின் வாழ்க்கையைப் படித்தபோது அந்த நண்பர் நினைவுக்கு வந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகளைத் தொடங்கியவர் என்று குட்மனை உலகம் அறியும். ஆனால் அவர் முதலில் நினைத்தது பதக்கத்தை அல்ல. போரில் அடிபட்டு வந்த சிப்பாய் மறுபடியும் ஊரில் ஒரு மனிதனாக வாழ வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

குட்மன் 1899 ஜூலை 3 அன்று, அப்போது ஜெர்மனியைச் சேர்ந்த சைலீசியா பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. சுரங்கங்கள் நிறைந்த வட்டாரம். 1917-ல், மருத்துவக் கல்லூரியில் சேரும் முன்பே, சுரங்கத் தொழிலாளர்களுக்கான விபத்து மருத்துவமனையில் தொண்டராக வேலை பார்த்தார். முதுகெலும்பு முறிந்த ஒரு சுரங்கத் தொழிலாளியை அங்கே கொண்டுவந்தார்கள். நல்ல உடற்கட்டுள்ள இளைஞர். சில வாரங்களில் இறந்துவிடுவார், இவருக்காக அதிகம் மெனக்கெட வேண்டாம் என்று பெரிய டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படியே ஐந்து வாரத்தில் அவர் இறந்தார். பதினெட்டு வயதுப் பையன் மனதில் அந்தக் காட்சி கடைசி வரை நின்றுவிட்டது.

பின்னர் மருத்துவம் படித்து, பிரெஸ்லாவ் நகரில் நரம்பியல் நிபுணராகப் பெயர் பெற்றார். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத டாக்டர்கள் பொது மருத்துவமனைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். குட்மன் அந்நகரின் யூத மருத்துவமனைக்குப் போய், அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுவதும் யூதர்களின் கடைகளும் வழிபாட்டு இடங்களும் தாக்கப்பட்டன. அன்று மருத்துவமனைக்கு ஓடிவரும் ஆண்கள் யாராக இருந்தாலும், எந்தக் கேள்வியும் கேட்காமல் படுக்கை கொடுக்கும்படி குட்மன் உத்தரவிட்டார். மறுநாள் ரகசியப் போலீஸ் வந்து, ஒரே இரவில் இத்தனை பேருக்கு என்ன வியாதி என்று விசாரித்தது. குட்மன் அவர்களைப் படுக்கை படுக்கையாகக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொருவருக்கும் ஒரு நோயின் பெயரைச் சொன்னார். சேர்க்கப்பட்ட 64 பேரில் 60 பேர் சிறை முகாமுக்குப் போகாமல் தப்பினார்கள். ஆடிட்டரை வைத்துக்கொண்டு இல்லாத வவுச்சருக்குக் கணக்குச் சொல்லும் துணிச்சல் அது. இங்கே பணயம் உயிர்.

1939 மார்ச் மாதம் மனைவி, மகன், மகளோடு அகதியாக இங்கிலாந்து வந்து சேர்ந்தார். ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. ஆனால் நோயாளிகளைப் பார்க்கும் வேலை சில ஆண்டுகள் கிடைக்கவில்லை. கை தேர்ந்த டாக்டருக்கு அது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்!

போர் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் பெரும் படையெடுப்பு நடக்கப்போகிறது, முதுகுத்தண்டில் காயம்பட்ட வீரர்கள் ஏராளமாக வருவார்கள் என்று பிரிட்டிஷ் அரசு எதிர்பார்த்தது. அவர்களுக்காக லண்டனுக்கு வடமேற்கே, ஸ்டோக் மேண்டவில் என்ற ஊரின் மருத்துவமனையில் தனிப் பிரிவு தொடங்க முடிவானது. அதைக் கேட்டு வாங்க எந்த டாக்டரும் வரிசையில் நிற்கவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர் அதிக நாள் பிழைக்கமாட்டார் என்பதுதான் அன்றைய பொதுக் கருத்து. வங்கி மொழியில் சொன்னால், வாராக்கடன் என்று எழுதி மூடிவிட்ட கணக்குகள். குட்மன் ஒரே ஒரு நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டார். தன் முறைப்படிதான் சிகிச்சை, யாரும் குறுக்கே வரக்கூடாது. 1944 பிப்ரவரி 1 அன்று பிரிவு திறக்கப்பட்டது.

அவருடைய முறையில் மந்திரம் எதுவும் இல்லை. அந்த நோயாளிகளைக் கொன்றது பெரும்பாலும் முதுகுத்தண்டுக் காயம் அல்ல. படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப் பாதையில் வந்த தொற்றும்தான் கொன்றன. எனவே உடலை அசையவிடாத மாவுக்கட்டுகளை நீக்கச் சொன்னார். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாள வேண்டும். சொன்னபடி நடக்கிறதா என்று நள்ளிரவில் அவரே வந்து பார்ப்பார். கண்டிப்பானவர், கோபக்காரர். தங்களை நிம்மதியாகச் சாகவிடாத இந்த ஜெர்மன் உச்சரிப்பு டாக்டர் மேல் வீரர்களுக்கே எரிச்சல் இருந்தது. பிறகு அதே வீரர்கள் அவரை அப்பா என்று செல்லமாக அழைத்தார்கள்.

உயிர் பிழைத்தாயிற்று. அப்புறம்? இந்த இடத்தில்தான் குட்மன் மற்ற டாக்டர்களிடமிருந்து வேறுபடுகிறார். இருபத்திரண்டு வயதுப் பையன் இன்னும் நாற்பது வருடம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கவா காப்பாற்றினோம் என்பது அவர் கேள்வி. உழைத்துச் சம்பாதித்து, அரசுக்கு வரி கட்டும் குடிமகனாக அவனை வீட்டுக்கு அனுப்புவதே சிகிச்சையின் முடிவு என்று வைத்துக்கொண்டார். மருத்துவமனையிலேயே தச்சுவேலை, கடிகாரம் பழுது பார்ப்பது போன்ற பட்டறைகள் நடந்தன. படுக்கையில் உட்கார முடிந்தவுடனே ஏதாவது வேலை பழக வேண்டும்.

ஆனால் தொழில் கற்றவனுக்கு வேலை கொடுக்க வெளியே ஆள் வேண்டும். அது டாக்டர் கையில் மட்டும் இல்லை, ஊர் கையில் இருக்கிறது. 1944-லேயே பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் ஊனமுற்றோருக்கு ஒரு பங்கு இடம் தர வேண்டும். அந்தப் பங்கு 3 சதவீதம் என்று பின்னர் நிர்ணயமானது. லண்டனின் மேற்கே ஐசில்வர்த்தில் இத்தகையவர்களுக்கென்று ஒரு விடுதி ஏற்பட்டது. அங்கே தங்கியவர்கள் சக்கர நாற்காலியோடு அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய் வந்தார்கள். இந்த ஏற்பாட்டில் அரசும், முதலாளியும், அண்டை அயலாரும் ஆளுக்கொரு பங்கு சுமந்தார்கள். ஒருவர் கைவிட்டாலும் அந்த வீரன் மறுபடியும் படுக்கைக்குத்தான் திரும்பியிருப்பான்.

விளையாட்டும் இதே நோக்கத்தில்தான் வந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போலோ, பிறகு கூடைப்பந்து. வில்வித்தை அவருக்கு மிகவும் பிடித்தது. தோளும் முதுகும் பலம் பெறும் என்பது ஒரு காரணம். நாற்காலியில் இருப்பவர், நிற்பவரோடு சரிசமமாகப் போட்டி போடலாம் என்பது இன்னொரு காரணம்.

1948 ஜூலை 29 அன்று லண்டன் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் வில்லேந்தினார்கள். 14 ஆண்கள், 2 பெண்கள், எல்லோரும் படையில் இருந்தவர்கள். அன்றே அங்குள்ள நோயாளிகளுக்கு, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய ஒரு பஸ்ஸும் வழங்கப்பட்டது. முன்னாள் படைவீரர் சங்கமான பிரிட்டிஷ் லீஜனும், லண்டன் போக்குவரத்து நிறுவனமும் சேர்ந்து கொடுத்தவை. வில்லையும் அம்பையும் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த பஸ்தான் பெரிதாகப் படுகிறது. அது இருந்தால்தானே கேட்டுக்கு வெளியே போக முடியும்?

1952-ல் நெதர்லாந்தின் முன்னாள் வீரர்கள் வந்து கலந்துகொள்ள, போட்டி சர்வதேசப் போட்டியானது. 1960-ல் ரோம் ஒலிம்பிக் முடிந்த சில நாட்களில் அதே நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேர் கூடினார்கள். அதையே முதல் பாராலிம்பிக் என்று இன்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வீரர்கள் தங்கிய கட்டடங்களில் படிக்கட்டுகள். உலகின் மூலை முடுக்கிலிருந்து வந்தவர்களை இத்தாலிய சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டியிருந்தது. இத்தனை தூரம் தாங்களாகவே வந்தவர்களைச் சில படிகள் தடுத்துவிட்டன.

1966-ல் குட்மனுக்கு சர் பட்டம் கிடைத்தது. நாட்டைவிட்டு ஓடிவந்த அகதி, வந்த நாட்டின் காயம்பட்ட வீரர்களை ஊருக்குள் திருப்பி அனுப்பியதற்குக் கிடைத்த மரியாதை. 1980 மார்ச் 18 அன்று, எண்பது வயதில் காலமானார். 2012 லண்டன் பாராலிம்பிக்கின் சின்னத்துக்கு மேண்டவில் என்று பெயர் வைத்து அந்த மருத்துவமனையை நினைவுகூர்ந்தார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. 1965 போரில் குண்டுக் காயம்பட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர், 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் நடந்த பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். 2016-ல் ரியோவில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவை எல்லோருக்கும் தெரியும். அவர் ராணுவ வீரர் இல்லை. ஆனால் சிப்பாய்களுக்காகத் திறந்த கதவு எல்லோருக்குமான கதவாகிவிட்டது என்பதற்கு அவரே சாட்சி.

இனி நம் வளாகத்துக்கு வருகிறேன். பி பிளாக் வாசலில் மூன்று படிகள். சாய்தளம் கட்டலாம் என்ற யோசனை ஜெனரல் பாடி மீட்டிங்கில் இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். யார் பயன்படுத்தப்போகிறார்கள், பராமரிப்பு நிதியை ஏன் கரைக்க வேண்டும் என்று கணக்குப்பிள்ளை புத்தியில் பேசினேன். அதே பிளாக்கில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் மகன் வீட்டில் இருக்கிறார். பக்கவாதம் வந்த பிறகு சக்கர நாற்காலிதான். லிப்ட் அவரைத் தரைத்தளம் வரை கொண்டுவிடும். அதற்கப்புறம் அந்த மூன்று படிகள். சென்ற குடியரசு தினத்தன்று நாம் கீழே கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தபோது, அவர் மாடி பால்கனியில் இருந்தபடியே சல்யூட் வைத்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிட முடியவில்லை.

இப்போது வேறு கணக்கு போட்டிருக்கிறேன். படிக்கு ஆறு அங்குலம் வீதம் மூன்று படிகள், ஒன்றரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சக்கர நாற்காலிக்கான பொது விதி. ஆக 18 அடி நீளம் போதும். பார்வையாளர் வண்டி நிறுத்தும் பக்கம் அந்த இடம் இருக்கிறது, டேப் வைத்து அளந்துவிட்டேன். கைப்பிடி, வழுக்காத தரை உட்பட இரண்டு மேஸ்திரிகளிடம் எஸ்டிமேட் கேட்டிருக்கிறேன். அடுத்த மீட்டிங்கில் தீர்மானத்தை நானே கொண்டுவருகிறேன். என் பங்குக்கு ஒரு மாதப் பென்ஷனைத் தருகிறேன்.

அந்தக் காலத்தில் பக்கத்து மேஜைக்காரருக்கு நான் செய்யத் தவறியது இருக்கிறது. அந்தப் பாக்கியை இப்போதாவது கொஞ்சம் அடைக்கலாம் என்று பார்க்கிறேன். வரும் சுதந்திர தினத்தில் அவர் நம்மோடு கீழே இருக்க வேண்டும், கொடிக் கயிற்றை அவரே இழுக்க வேண்டும். மீட்டிங்குக்குத் தவறாமல் வாருங்கள்.