ஜேம்ஸ் கிளேசர்

ஜேம்ஸ் கிளேசர் (ஏப்ரல் 7, 1809 – பெப்ரவரி 7, 1903) இங்கிலாந்தைச் சேர்ந்த வானிலையியலாளரும் பலூன் பயணியும் ஆவார். கிரீனிச் வான்காணகத்தின் காந்தவியல், வானிலையியல் பிரிவுக்குத் தலைவராக விளங்கிய இவர், 1862 முதல் 1866 வரை 28 முறை பலூனில் ஏறி, முகில்களுக்குக் கீழும் உள்ளும் மேலும் காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்தார். 1862 செப்டம்பர் 5 அன்று ஹென்றி காக்ஸ்வெல் என்பவருடன் 29,000 அடிக்கும் மேலே சென்று உயிருடன் திரும்பியது இவரது புகழுக்கு முதன்மைக் காரணமாகும். அந்தச் சாதனையின் உயரம் பற்றிய பேச்சில், முகில்களைப் பற்றி இவர் திரட்டிய அளவீடுகள் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டன.

இளமையும் மலையுச்சிப் பணியும்

கிளேசர் இலண்டனின் ரோதர்ஹித் பகுதியில் கடிகாரம் செய்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இருபது வயதளவில் அயர்லாந்தின் நில அளவைப் பணியில் சேர்ந்தார். நெடுந்தொலைவிலுள்ள குறிகளைப் பார்த்துக் கோணங்களை அளக்கும் அப்பணிக்காக மலையுச்சிகளில் தங்க நேர்ந்தது. அங்கே முகில் இறங்கி மலையை மூடிக்கொள்ளும். அளவைப் பணி நின்றுவிடும். முகில் விலகும்வரை அதற்குள்ளேயே காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்த நாட்களில் வானத்தின் நிறங்களையும், முகில்களின் அசைவையும், பனிப்படிகங்களின் வடிவங்களையும் உற்று நோக்கத் தொடங்கியதாகப் பிற்காலத்தில் இவர் குறிப்பிட்டுள்ளார்.

உடல்நலக் குறைவால் அயர்லாந்திலிருந்து திரும்பியபின், 1833 இல் கேம்பிரிட்ஜ் வான்காணகத்தில் ஜார்ஜ் எய்ரியின் உதவியாளரானார். எய்ரி அரச வானியலாளராக நியமிக்கப்பட்டதும், 1835 இல் கிளேசரும் கிரீனிச்சுக்கு மாறினார். அங்கு புதிதாக அமைக்கப்பட்ட காந்தவியல், வானிலையியல் பிரிவு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1874 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

கிரீனிச்சில்

ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளின் அளவுகளிலிருந்து காற்றின் பனிநிலையைக் கணக்கிட உதவும் அட்டவணைகளை 1847 இல் கிளேசர் வெளியிட்டார். பனிநிலை என்பது காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் அதிலுள்ள நீராவி நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையாகும். அவருடைய அட்டவணைகள் பல பதிப்புகளைக் கண்டன. 1849 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1850 இல் பிரித்தானிய வானிலையியல் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக இருந்து, அதன் செயலாளராக இருபதாண்டுகளுக்கும் மேல் பணியாற்றினார்.

ஒளிப்படக்கலையுடன் இவருக்கு ஏற்பட்ட தொடர்பும் இக்காலத்ததே. சார்ல்ஸ் புரூக் என்பவர் வடிவமைத்த தானியங்கிப் பதிவுமுறை 1840களின் பிற்பகுதியில் கிரீனிச்சில் நிறுவப்பட்டது. இதில் கருவியின் அசைவுக்கேற்ப நகரும் ஒளிக்கற்றை, சுழலும் ஒளிப்படத் தாளில் கோடாகப் பதியும். இரவு முழுவதும் ஒருவர் விழித்திருந்து குறிப்பெடுக்க வேண்டிய தேவை இதனால் பெருமளவு குறைந்தது.

1843 இல் கிளேசர் சிசிலியா லூயிசா பெல்வில் என்பவரை மணந்தார். சிசிலியா தேர்ந்த ஓவியர், ஒளிப்படக் கலைஞரும்கூட. 1855 இல் கிளேசர் வெளியிட்ட பனிப்படிக ஆய்வுக்கான நுண்ணிய படங்களை அவரே வரைந்தார். பிரித்தானியப் பன்னச் செடிகளை அவர் எடுத்த ஒளிப்படங்கள் இன்று தனிச்சிறப்புடன் மதிக்கப்படுகின்றன. இவர்களுடைய மகன் ஜேம்ஸ் விட்பிரெட் லீ கிளேசர் பின்னாளில் புகழ்பெற்ற கணிதவியலாளரானார்.

வாந்திபேதியும் இந்திய அறிக்கையும்

1853–54 இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, அந்நோய்க்கும் வானிலைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பணி கிளேசருக்கு வழங்கப்பட்டது. நோய் கடுமையாக இருந்த நாட்களில் காற்று அசைவின்றி, மூடுபனியுடன் இருந்ததை அவர் பதிவு செய்தார். கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. அதே 1854 இல் ஜான் சினோ என்ற மருத்துவர் நோய் குடிநீரின் வழியாகப் பரவுவதைக் காட்டினார். கிளேசரின் அளவீடுகள் சரியானவை. அவற்றிலிருந்து நோயின் காரணத்தைத் தேடிய வழிதான் பிழையானது.

இந்தியாவுடனான இவரது தொடர்பும் இதே போன்ற ஒரு வினாவிலிருந்து வந்தது. இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படைவீரர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தனர். இதனை ஆராய்ந்த அரச ஆணையத்துக்காக, படைகள் தங்கியிருந்த இடங்களின் வானிலை பற்றிய அறிக்கை ஒன்றைக் கிளேசர் தயாரித்தார். அது 1863 இல் வெளியானது. இந்திய வானிலைத் துறை 1875 இல்தான் நிறுவப்பட்டது என்பதால், நாடு முழுவதற்குமான வானிலையைத் தொகுக்க நடந்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றாக இதனைக் கருதலாம். சாவுகளின் காரணங்களாக ஆணையம் பெரிதும் சுட்டியவை கழிவுநீர், குடிநீர், நெரிசலான தங்குமிடங்கள் ஆகியவையாகும்.

பலூனில் ஏறுதல்

தரையிலும் மலையிலும் எடுத்த அளவீடுகளை மட்டும் கொண்டு வளிமண்டலத்தின் மேற்பகுதியை அறிய இயலாது என்பது வானிலையியலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. 1852 இல் ஜான் வெல்ஷ் நான்கு முறை பலூனில் ஏறி ஆய்வு செய்திருந்தார். அதைத் தொடர விரும்பிய பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. குழுவில் ஒருவரான கிளேசர், தகுந்த ஆய்வாளர் கிடைக்காத நிலையில் தாமே செல்ல முன்வந்தார். அப்போது அவருக்கு வயது 53. பலூன் ஓட்டுவதில் நெடிய அனுபவம் உடைய ஹென்றி காக்ஸ்வெல் (1819–1900), ஏறத்தாழ 90,000 கன அடி வளிமம் கொள்ளக்கூடிய பெரிய பலூனைக் கட்டினார்.

முதல் பயணம் 1862 சூலை 17 அன்று வுல்வர்ஹாம்ப்டன் நகரிலிருந்து நடைபெற்றது. அந்நகரின் நிலக்கரி வளிம ஆலையே பலூனுக்கான வளிமத்தைத் தந்தது. கூடையின் குறுக்கே ஒரு பலகையை வைத்து, அதில் அழுத்தமானிகள், வெப்பமானிகள், ஈரமானிகள், திசைகாட்டி, கடிகாரம் ஆகியவற்றைப் பொருத்திக்கொண்டு, நிமிடத்துக்குப் பல அளவுகளை எழுதுவது கிளேசரின் வழக்கம். பலூனைச் செலுத்துவது முழுக்கக் காக்ஸ்வெல்லின் பொறுப்பு.

1862 செப்டம்பர் 5

அன்று பிற்பகல் 1.03 மணிக்குப் பலூன் புறப்பட்டது. தரையில் காற்றின் வெப்பநிலை 59 பாகை பாரன்ஹீட் (15 பாகை செல்சியசு), பனிநிலை 48 பாகை. இரண்டுக்கும் இடையே 11 பாகை இடைவெளி இருந்தது. 4,800 அடியில் வெப்பநிலை 41 பாகையாகவும் பனிநிலை 38 பாகையாகவும் ஆயின. இடைவெளி 3 பாகையாகச் சுருங்கியிருந்தது. அதன்பின் பலூன் சுமார் 1,100 அடி தடிமனுள்ள முகிலுக்குள் நுழைந்தது. உள்ளே இரண்டும் ஒரே அளவில், 36½ பாகையில் நின்றன.

முகிலின் அடிப்பகுதி ஏன் பெரும்பாலும் தட்டையாகத் தெரிகிறது என்பதற்கான விளக்கம் இந்த எண்களிலேயே உள்ளது. மேலே செல்லும் காற்று விரிந்து குளிர்கிறது. பனிநிலை அதைவிட மெதுவாகவே குறைகிறது. இரண்டும் சந்திக்கும் உயரத்தில் நீர்த்துளிகள் தோன்றுகின்றன. அந்த உயரமே முகிலடி. ஒரே பரப்பில் காற்றின் தன்மை ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், முகிலடியும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் அமைகிறது. இதைக் காணப் பலூன் கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே ஏறத்தாழ 4,000 அடி வரை உயரும் கல்வராயன் மலைக்கு வடகிழக்குப் பருவமழை நாளொன்றில் செல்பவர், கீழே சமவெளியிலிருந்து மலையின் தலையை மூடிய முகிலாகக் கண்டதை, சாலையில் ஏறியபின் தம்மைச் சூழ்ந்த மூடுபனியாகக் காண்பார். அயர்லாந்து மலைகளில் இளம் கிளேசர் காத்திருந்ததும் இத்தகைய முகிலுக்குள்தான்.

1.17 மணிக்குப் பலூன் முகிலைக் கடந்து பேரொளியில் வெளிப்பட்டது. மேலே மாசற்ற நீல வானம். கீழே குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் போன்ற வெண்முகிற் பரப்பு. அதைப் படமெடுக்கவென்றே கிளேசர் ஒளிப்படக் கருவி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அக்காலத்தில் பரவலாயிருந்த ஈரத்தட்டு முறையில் கண்ணாடித் தட்டில் வேதிப்பொருளைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். கூடைக்குள் இது மிகக் கடினம். ஆகவே பர்மிங்காமைச் சேர்ந்த ஹில் நோரிஸ் உருவாக்கிய விரைவான உலர்தட்டுகளைப் பெற்றிருந்தார். ஒளி மிகுந்திருந்ததால் நொடிப்பொழுது போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் பலூன் மிக விரைவாக ஏறியதோடு, தன்னைத்தானே சுற்றிக்கொண்டும் இருந்தது. படம் எடுக்க இயலவில்லை.

பலூனில் ஆறு புறாக்களும் கொண்டு செல்லப்பட்டன. மூன்று மைல் உயரத்தில் விடப்பட்ட புறா சிறகுகளை விரித்தபடி தாள் போல வீழ்ந்தது. நான்கு மைல் உயரத்தில் விடப்பட்டது சுற்றிச் சுற்றிப் பறந்தது. அடுத்தது கல்லைப் போலக் கீழே சென்றது.

29,000 அடியை நெருங்கியபோது கிளேசரால் வெப்பமானியின் கோடுகளைப் படிக்க இயலவில்லை. காக்ஸ்வெல்லின் உதவியை நாட எண்ணினார். பலூன் சுழன்றதால் வளிமத்தை வெளியேற்றும் அடைப்பானின் கயிறு சிக்கிக்கொண்டிருந்தது. அதை விடுவிக்கக் காக்ஸ்வெல் கூடையிலிருந்து மேலே வளையத்தின் மீது ஏறியிருந்தார். கிளேசர் கடைசியாக அழுத்தமானியைப் படித்தது 1.54 மணிக்கு. பின்னர் கைகள் செயலிழந்தன. தலை தோளில் சாய்ந்தது. கண்முன் இருள் கவிந்தது. சில நிமிடங்கள் முற்றிலும் நினைவிழந்தார்.

வளையத்தின் மீதிருந்த காக்ஸ்வெல்லின் கைகள் குளிரில் கறுத்து உணர்விழந்தன. கீழே இறங்கியவர், கயிற்றைக் கையால் இழுக்க இயலாமல் பற்களால் கவ்விக்கொண்டு, தலையை இரண்டு மூன்று முறை தாழ்த்தி அடைப்பானைத் திறந்தார். பலூன் இறங்கத் தொடங்கியது. காக்ஸ்வெல் தம்மை எழுப்ப வெப்பநிலை பற்றியும் அளவீடு பற்றியும் பேசுவது காதில் விழ, கிளேசர் மெல்லக் கண்விழித்தார். தோழரின் கைகளில் பிராந்தியை ஊற்றித் தேய்த்துவிட்டு, 2.07 மணிக்கு மீண்டும் எழுதுகோலை எடுத்து அளவுகளைக் குறிக்கத் தொடங்கினார். இருவரும் லட்லோ நகருக்கு அருகே பாதுகாப்பாகத் தரையிறங்கி, வண்டி கிடைக்காமல் சில மைல்கள் நடந்தே சென்றனர்.

பிற பயணங்கள்

1863 சூன் 26 அன்று, கோடையின் நடுவில், வுல்வர்ட்டன் நகரிலிருந்து ஏறிய பயணம் அறிவியல் நோக்கில் இதனினும் முக்கியமானது எனலாம். 23,000 அடிக்கு மேல் சென்று இறங்கும்போது பல ஆயிரம் அடி தடிமனுள்ள பனிப்பொழிவின் வழியே பலூன் வந்தது. சிசிலியா வரைந்தவை போன்ற படிகங்கள் சூன் மாத வானில் மிதந்தன. கீழே தரையில் பனியின் சுவடே இல்லை. 1864 சனவரி 12 பயணத்தில், குளிர்ந்த தரைக்காற்றுக்கு மேலே தென்மேற்கிலிருந்து வெப்பமான காற்றோட்டம் ஒன்று ஓடுவதைக் கண்டறிந்தார்.

ஒவ்வொரு 300 அடிக்கும் வெப்பநிலை ஒரு பாகை பாரன்ஹீட் குறைகிறது என்று அதுவரை கொள்ளப்பட்ட விதி பொருந்தாது என்பது இப்பயணங்களின் முதன்மையான முடிவாகும். தெளிந்த வானில் ஒரு வீதமும், முகில் மூடிய வானில் வேறொரு வீதமும் காணப்பட்டன.

உயரம் பற்றிய ஐயம்

நினைவிழந்த நேரத்தில் எட்டிய உயரத்தைக் கிளேசர் கணக்கிட்டே கூறினார். கடைசி அளவின்போது பலூன் நிமிடத்துக்கு 1,000 அடி வீதம் ஏறியது. மீண்டும் அளந்தபோது 2,000 அடி வீதம் இறங்கியது. இடைப்பட்டது 13 நிமிடங்கள். இவற்றிலிருந்து 36,000 முதல் 37,000 அடி என்ற முடிவுக்கு வந்தார். வேகம் சீராக இருந்தது என்ற ஊகத்தில் நிற்பதால், இதைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. வெயிலிலிருந்து போதிய மறைப்பும் காற்றோட்டமும் இல்லாத வெப்பமானிகள் மேலடுக்குகளில் உண்மையைவிடக் கூடுதலான வெப்பநிலையைக் காட்டின என்பதும் பின்னர் செருமானியர் நடத்திய பயணங்களால் தெளிந்தது. 1901 இல் பெர்சன், சூரிங் ஆகிய இருவரும் உயிர்வளிக் கலன்களுடன் 10,800 மீட்டர் உயரத்தை எட்டினர், அவர்களும் நினைவிழந்தனர். 29,000 அடி என்ற நேரடி அளவே எவ்வளவு ஆபத்தானது என்பதை 1875 இல் 'செனித்' பலூன் விபத்து காட்டியது. அதில் சென்ற பிரெஞ்சு ஆய்வாளர் மூவரில், கிளேசருடன் நூலாசிரியராக இருந்த தீசாந்தியே மட்டுமே பிழைத்தார்.

பிற்காலம்

1866 இல் பிரித்தானிய வானூர்தியியல் கழகத்தின் தோற்றத்தில் கிளேசர் பங்கேற்றார். தீசாந்தியே, பிளமாரியோன், தெ போன்வியெல் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய பலூன் பயண நூல் 1871 இல் ஆங்கிலத்தில் வெளியானது. முகிற் பரப்பைப் படமெடுக்க இயலாமற்போன இவர், 1869 முதல் 1892 வரை, இடையில் சிறு காலம் நீங்கலாக, இலண்டன் ஒளிப்படக் கழகத்தின் தலைவராக இருந்தார். பிரித்தானியாவில் வானிலிருந்து முதல் ஒளிப்படங்களை எடுத்தவர் ஹென்றி நெக்ரெட்டி ஆவார். 1863 இல் அவர் ஏறிச் சென்றதும் காக்ஸ்வெல்லின் பலூனிலேயே.

கிளேசர் 1903 பெப்ரவரி 7 அன்று குரொய்டனில் தமது 93 ஆவது வயதில் காலமானார். நிலவிலுள்ள குழிப்பள்ளம் ஒன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது. செப்டம்பர் 5 பயணத்தைத் தழுவி 2019 இல் ஓர் ஆங்கிலத் திரைப்படம் வெளிவந்தது. அதில் கிளேசராக எடி ரெட்மெயின் நடித்தார். பற்களால் கயிற்றை இழுத்து அவரைக் காப்பாற்றிய காக்ஸ்வெல் அப்படத்தில் இல்லை. அவருக்குப் பதிலாகக் கற்பனைப் பெண் பாத்திரம் ஒன்று பலூனைச் செலுத்துகிறது.