ரோசாப்பூ துரையின் கல்லறை

ஆலங்குடி வட்டாரத்தில் மதுரைக்குப் போகாத குடும்பம் ஏது? சித்திரைத் திருவிழாவுக்குப் போகிறோம்; வைத்தியத்துக்குப் போகிறோம்; கல்யாணச் சேலை எடுக்கப் போகிறோம். ஆனால், போனவர்களில் எத்தனை பேர் கீழவாசல் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்திற்குள் ஒரு முறையேனும் நுழைந்திருப்போம்? அங்கே துயில்கிறார் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். மக்கள் அவருக்கு இட்ட பெயர் ரோசாப்பூ துரை. கோட்டில் எப்போதும் ஒரு ரோசாப்பூ செருகியிருப்பாராம். அதனால் வந்த பெயர் என்பார்கள்.

அவருக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சொல்கிறோம். அன்று ஆலங்குடி, புதுக்கோட்டை சமஸ்தானத்தின் ஒரு தாலுகா. சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான்கள் கள்ளர் குலத்தவர். வெள்ளையர் சர்க்கார் அவர்களுக்குப் பீரங்கி முழக்கி மரியாதை செய்தது. அதே சர்க்கார், மதுரை ஜில்லாவில் பிறமலைக் கள்ளரைக் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தியது. ஆண்மக்களின் கைரேகையைப் பிடித்தது. இரவில் தம் வீட்டில் படுத்துறங்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. போலீஸ் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வேண்டும். இங்கே சிம்மாசனம், அங்கே ரேகைப் புத்தகம்! குற்றம் பிறப்பிலேயே வருகிறது என்ற சட்டம் எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அந்தப் பொய்யை எதிர்த்து நீதிமன்றத்தில் நின்றவர் யார்? பிறமலைக் கள்ளர் அல்லர், இந்துவும் அல்லர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அல்லர். 1887-இல் திருவிதாங்கூரில் செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜார்ஜ் ஜோசப். எடின்பரோவில் தத்துவம் படித்து, லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று, 1909-இல் தாயகம் திரும்பியவர். சென்னையில் சிறிது காலம் இருந்துவிட்டு மதுரைக்கு வந்து தொழில் நடத்தினார். கோட்டும் ரோசாப்பூவுமாகச் சொகுசாக வாழ்ந்திருக்கலாம். வழக்குக்கு வந்த ஏழைகளின் கண்ணீர் அவரை அப்படி வாழ விடவில்லை.

1918-இல் தன்னாட்சி கேட்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்ட தூதுக்குழுவில் ஒருவராக அவரை அனுப்பினார் அன்னி பெசன்ட் அம்மையார். ஜிப்ரால்டரிலேயே வழிமறித்துத் திருப்பி அனுப்பியது வெள்ளையர் சர்க்கார். அதே ஆண்டு மதுரையில் டாக்டர் வரதராஜுலு நாயுடு மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது, ராஜாஜியோடு சேர்ந்து வாதாடினார். மதுரை ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்டபோதும் முன்னே நின்றார். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீசார் சுட்டனர். பதினைந்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கேட்க நாதியற்று நின்ற அந்த மக்களின் வழக்குகளை எடுத்து நடத்தினார் ஜோசப். சட்டத்தின் கொடுமையை ஏடுகளிலும் எடுத்தெழுதினார்.

ஒத்துழையாமை வந்ததும் வருமானம் கொழித்த வக்கீல் தொழிலைத் துறந்தார். மோதிலால் நேருவின் அலகாபாத் பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1921 டிசம்பரில் சிறை புகுந்தார். வெளியே வந்ததும் காந்தியாரின் யங் இந்தியாவைக் கவனித்துக்கொண்டார்.

1924-இல் வைக்கம் அழைத்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது என்ற தடையை எதிர்த்து நடந்த போராட்டம் அது. ஜோசப் அதில் இறங்கினார். அப்போது காந்தியாரிடமிருந்து கடிதம் வந்தது. இது இந்துக்கள் செய்ய வேண்டிய பரிகாரம். கிறிஸ்தவராகிய நீங்கள் விலகி நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். காந்தியாரின் எண்ணத்துக்கும் ஒரு நியாயம் உண்டு: தீண்டாமை என்ற பாவத்தைச் செய்தவனே அதைக் கழுவ வேண்டும் என்று அவர் கருதினார். ஆனால், மனிதன் தெருவில் நடக்கும் உரிமை ஒரு மதத்தாரின் வீட்டுக் காரியம்தானா என்ற கேள்வி நிற்கிறதே! ஜோசப் சிறை சென்றே பதில் சொன்னார். தலைவர்கள் ஒவ்வொருவராகச் சிறைப்பட, போராட்டத்தை நடத்த வரும்படி பெரியார் ஈ.வெ.ரா.வை அழைத்தவர்களில் அவரும் ஒருவர். பெரியார் சென்றார்; இருமுறை சிறையும் கண்டார். 1925-இல் பெரும்பாலான தெருக்கள் திறந்தன.

மதுரை திரும்பிய ஜோசப் மீண்டும் வழக்கு மன்றம் ஏறினார். 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராசரைச் சிக்க வைத்தபோது, வரதராஜுலு நாயுடுவோடு வாதாடி அவரை மீட்டவர் இவர்தான். அன்று அது தோற்றிருந்தால் தமிழ்நாட்டின் வரலாறு எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! 1937-இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓராண்டுகூட முழுதாக அமரவில்லை. 1938 மார்ச்சில் மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் கண்மூடினார். வயது ஐம்பதுதான். அவர் எதிர்த்த சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் ஒழிந்தது. அதைக் காண அவர் இல்லை.

யானைக்கல்லில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆனால், சிலையைவிடப் பெரிய நினைவு கீழவாசல் கல்லறையில் இருக்கிறது. ஆண்டுதோறும் அவர் மறைந்த நாளில் அங்கே வந்து வணங்குகிறவர்கள் கள்ளர் குல மக்கள். தம் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயரிட்டு வந்தவர்களும் அவர்களே. விலகி நில் என்று ஒருவருக்குச் சொல்லப்பட்டது எந்த மதத்தின் பெயரால் நிகழ்ந்ததோ, அந்த மதத்தைச் சேர்ந்த ஏழைகள், அவருடைய கல்லறையை விட்டு விலகவில்லை.

நம்மவன் அல்லன், நமக்கென்ன என்று ஒதுங்குவது இன்றும் எளிது. அடுத்த தெருவில் ஒருவனுக்கு அநீதி நடந்தால், அவன் எந்த ஆள் என்று கேட்டுவிட்டுத்தான் நாம் வாய் திறக்கிறோம். கேட்காமல் வாய் திறந்தவர் ஒருவர் மதுரை மண்ணுக்குள் இருக்கிறார்.

அடுத்த முறை மதுரை பஸ் ஏறுகிற ஆலங்குடி அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீனாட்சி கோயிலுக்குப் போங்கள். மாலும் பார்த்து வாருங்கள். வருகிற வழியில் கீழவாசலில் இறங்கி, ஒரு ரோசாப்பூ வாங்கி, அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டு வாருங்கள்.