அடிகளார் வாழ்ந்த அறம்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே சாய்ந்தமருதும் மாளிகைக்காடும் கழிந்ததும் காரைதீவு வரும். அதனைக் கடந்தால் நிந்தவூர். பள்ளிவாசலின் பாங்கொலியும் கண்ணகை அம்மன் கோயில் மணியோசையும் ஒருங்கே கேட்கும் கரை இது. அம்பாறை மாவட்டம் 1961இல் தனியே பிரிக்கப்படுமுன் இவ்வூர்கள் யாவும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சார்ந்தனவாயிருந்தன. ஆதலின் பழைய நூல்கள் அடிகளாரை மட்டக்களப்பார் என்றே குறிக்கும். நாமோ, எம் அயலூரார் என்று உரிமையோடு சொல்லிக்கொள்வோம்.

1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்த மயில்வாகனன், பிற்காலத்தில் சுவாமி விபுலானந்தர் ஆனார். இந்தச் செய்தி பள்ளிச் சிறாரும் அறிந்ததே. அன்னாரின் பட்டங்களையும் பதவிகளையும் அடுக்கிச் சொல்லும் கட்டுரைகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. நாம் இங்கே வேறொன்றை எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம். ஒரு மனிதன் எந்தப் பள்ளியிற் படிப்பது, எந்த வேலையை ஏற்பது, எதனை விடுவது, மாலைப் பொழுதை எங்கே கழிப்பது என்பன போன்ற கேள்விகளுக்குத் தன் நெஞ்சறிந்த நெறியிலிருந்தே விடை கண்டால் அவன் சீவியம் எவ்வாறிருக்கும் என்பதே அது.

குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் ஏடு தொடக்கிய சிறுவன், புலோலி வைத்திலிங்க தேசிகரிடம் இலக்கண இலக்கியம் கற்றான். ஆங்கிலம் கற்கக் கல்முனை வெஸ்லியன் மிஷன் பாடசாலைக்குச் சென்றான். அதன்பின் மட்டக்களப்பில் கத்தோலிக்கக் குருமார் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரிக்குப் போய், பதினாறு வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினான். அக்காலத்தில் ஆங்கிலக் கல்வியும் உத்தியோகமும் பெரும்பாலும் மிஷன் வாசல் வழியாகவே வந்தன. அவ்வாசலில் நுழைந்தோரிற் சிலர் சமயம் மாறினர். வேறு சிலர், கற்பித்தவரையே பின்னர் பகைத்தனர். மயில்வாகனனார் இவ்விரண்டையும் செய்யவில்லை. வீட்டிற் கற்ற சைவத்தை விடாமல், மிக்கேல் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலும் ஆசிரியராயிருந்தார். தம் சமயத்தை விலைபேசாமலும் பிறர் சமயத்தை இகழாமலும் ஒருவன் சம்பளம் வாங்கி வாழலாம் என்பதை அவர் வாதித்துக் காட்டவில்லை. அப்படியே இருந்து காட்டினார்.

இடையிலே கொழும்பு ஆசிரியர் கலாசாலைப் பயிற்சி, 1916இல் விஞ்ஞான டிப்ளோமா, அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டம் எனக் கல்வி தொடர்ந்தது. இலங்கையிலிருந்து அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1920இல் இலண்டன் பி. எஸ்ஸி. பட்டமும் கிடைத்தது, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பதவியும் கிடைத்தது.

எம் வீடுகளிலே இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்வோம்? சாதகம் பார்ப்போம், சீதனம் பேசுவோம். முப்பது வயது, விஞ்ஞானப் பட்டம், அதிபர் உத்தியோகம்! ஆயின் அவர் 1922இல் அனைத்தையும் விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்துக்குச் சென்று பிரபோத சைதன்யர் என்னும் பிரமசாரியானார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் என்னும் பெயர் கொண்டார். இதனை வீரச்செயல் என்று புகழ்ந்துவிடுதல் எளிது. குடும்பத்தின் மூத்த ஆண்மகன் பொறுப்பைக் கைவிட்டான் என்று முணுமுணுப்போர் எக்காலத்தும் உளர். அம்முணுமுணுப்பையும் நாம் அற்பமாக எண்ணுவதற்கில்லை. ஆனால், துறந்தவர் காட்டுக்குப் போகவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். 1925இல் அவர் இலங்கைக்கு மீண்டபோது தலைமேல் ஏற்ற பொறுப்பு ஒரு குடும்பத்தினுடையதன்று. கிழக்கிலும் வடக்கிலும் மிஷன் நடத்திய பாடசாலைகள் பலவற்றினுடையது. யாழ்ப்பாணம் வைத்தீசுவர வித்தியாலயம், திருகோணமலை இந்துக் கல்லூரி, காரைதீவிலே பெண்பிள்ளைகளுக்கான சாரதா வித்தியாலயம், 1929இல் கல்லடி உப்போடையிலே தொடங்கிய சிவானந்த வித்தியாலயம் என்று அப்பட்டியல் நீளும். பள்ளி முகாமையாளரின் வேலை கணக்கும் கடிதமும் கூரையும் ஓலையுமாய்ப் போவது. கவி பாடவல்ல ஒருவர் அதிலே தம் நாட்களைச் செலவிட்டார்.

வைத்தீசுவர வித்தியாலயத்தைச் சொன்னவிடத்து இன்னொன்றையும் சொல்லவேண்டும். அங்கு பயின்ற முஸ்லிம் மாணவர் ஒருவர் 1942இல் அவசரகாலக் கச்சேரியின் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். அவரே ஏ. எம். ஏ. அஸீஸ். யுத்தகால உணவுப் பஞ்சத்திலே நெற்செய்கையைப் பெருக்க முயன்றதோடு, இப்பகுதி முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காகவும் அவர் உழைத்தமையைச் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் இன்றும் நினைவுகூர்வர். சைவப் பாடசாலை ஒன்று விதைத்த விதை எங்கே முளைத்தது பாருங்கள். 1985இலும் 1990இலும் இக்கரையில் அயலூரார் ஒருவரையொருவர் அஞ்சிய நாட்களைக் கண்ட எம்மவர்க்கு இச்செய்தி சற்றுக் கூடுதலாகவே உறைக்கும்.

அடிகளாரின் வாழ்வில் எம்மை மிகவும் நிறுத்தி வைப்பது சாதி பற்றிய பகுதியே. பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் அமரவேண்டும் என்ற ஏற்பாடு 1930ஐ ஒட்டி வந்தபோது, யாழ்ப்பாணத்திற் சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. ஒரு பிள்ளை நிலத்தில் இருப்பதா வாங்கில் இருப்பதா என்ற கேள்விக்கு நெருப்பு வைத்த காலம் அது. தீண்டாமையை எதிர்த்து நின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் மகாநாட்டுக்கு அக்காலத்திலேதான் அடிகளார் தலைமை தாங்கினார். மேடையில் தலைமை தாங்குதல் ஒன்று. நாள்தோறும் நடந்து காட்டுதல் வேறு. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் சென்றபோது, அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சேரிக்குப் போகத்தான் வேண்டுமென்று எச்சட்டமும் விதிக்கவில்லை. ஓய்ந்திருக்க வேண்டிய மாலைப்பொழுதை எவ்விதம் செலவிடுவது என்ற சின்னஞ்சிறு தீர்மானம், அவ்வளவே. அத்தீர்மானத்தை எம்மில் எத்தனைபேர் செய்வோம்?

அங்கிருந்த காலத்திலேயே பாரதியாரின் பாடல்களைப் பல்கலைக்கழகத்தின் உள்ளே கொண்டுவந்தார். அப்போது பண்டிதர் பலர் பாரதியைப் புலவர் வரிசையில் வைக்கத் தயங்கினர். பழைய இலக்கியத்திலே தலைசிறந்த ஒருவர் புதிய கவிஞருக்குக் கதவு திறந்தமை கல்வி நேர்மையின் பாற்பட்டதேயன்றி வேறன்று. அப்பதவியையும் 1933இல் விட்டார்.

இனி யாழ்நூல். காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிக் குளிர்த்தியும் வழக்குரை படிப்பும் கேட்டு வளர்ந்தவருக்குச் சிலப்பதிகாரம் வெறும் பாடநூலாய் இருந்திருக்க முடியாது. அதன் அரங்கேற்று காதையிற் கிடந்த இசைக் குறிப்புகளைத் தொடர்ந்து, வழக்கொழிந்து போன யாழின் வடிவையும் இசையையும் ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆராய்ந்தார். நரம்பின் நீளத்துக்கும் பிறக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கைப் பௌதிகத்தால் அளந்தார். தமிழரிடம் எல்லாம் இருந்தது என்று முழங்கினாலே கைதட்டல் கிடைக்கும். அவரோ இருபத்திரண்டு அலகுகளையும் எண்ணால் நிறுவிய பின்னரே பேசினார். நடுவிலே இமயத்து மாயாவதியில் பிரபுத்த பாரதத்தின் ஆசிரியப் பணியும், 1943 தொடக்கம் இலங்கைப் பல்கலைக்கழகத்து முதலாவது தமிழ்ப் பேராசிரியப் பணியும் வந்து சேர்ந்தன. பாடசாலைக் கணக்குகள் தின்ற காலத்திலே இன்னும் இரண்டு நூல்கள் எழுதியிருப்பாரே என்ற ஏக்கம் எமக்கு உண்டு. ஆனால் அப்பாடசாலைகளிற் படித்தவர்கள் நூலை விட்டுவிட்டுத் தம்மை வேண்டாமென்பார்களா?

1947 ஜூன் 5ஆம், 6ஆம் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. உடல் தளர்ந்திருந்த அடிகளார் அதனைக் கண்ணாற் கண்டார். ஆறு வாரமே கழிந்தது. ஜூலை 19இல் கொழும்பிலே அவர் உயிர் பிரிந்தது. உடல் கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டுச் சிவானந்த வித்தியாலய வளவிலே ஒரு மரத்தின் கீழ் அடக்கஞ் செய்யப்பட்டது. இறைவனுக்கு வேண்டியது எந்த மலர் என்று வினவி, உள்ளத்தையே மலராகக் காட்டும் அவரது பாடல் அச்சமாதியிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. மட்டக்களப்புக்குப் போகும் எம் மன்றத்து இளைஞர், பேருந்து கல்லடியை அடைந்ததும் இறங்கி, அதனை ஒருமுறை நின்று வாசித்துவிட்டுப் போகலாம்.