கொதிப்பிலே ஒழுங்கு கண்ட சந்திரசேகர்

அமரர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பிறந்தது தமிழ்நாட்டில் அல்ல. 1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய அய்யருக்கு அங்கே ரயில்வே கணக்குத் துறையில் உத்தியோகம். மகன் சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்து, 1930-ல் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் போனார். 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகம். நட்சத்திர ஆராய்ச்சிக்காக 1983-ல் அவர் நோபல் பரிசு பெற்றதைப் பலரும் அறிவர். 1950-களில் அவர் பாடுபட்ட இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அது சூடேறும் திரவத்தைப் பற்றியது. புரோத்ராபூரில் எந்த வீட்டு உலையிலும் அதைக் காணலாம். அடியில் சூடான நீர் இலேசாகி மேலே வரும். மேலே ஆறிய நீர் கீழே இறங்கும். தீயைக் கூட்டினால் ஒரே கொந்தளிப்பு. ஆனால் அதற்குள்ளும் ஏறும் தாரை, இறங்கும் தாரை, சுழல் என்று வடிவங்கள் உண்டு. பிரெஞ்சு விஞ்ஞானி பெனார் 1900-ல் மெல்லிய திரவப் படலத்தைச் சூடாக்கித் தேனடை போன்ற அறைகளைக் கண்டார். திரவம் எப்போது புரளத் தொடங்கும் என்று ராலே பிரபு 1916-ல் கணக்குப் போட்டார்.

சந்திரசேகர் அந்தத் திரவத்தைச் சுழல விட்டார். காந்தத்தின் நடுவே வைத்தார். எல்லாம் காகிதத்தில்தான்! பூமியின் வயிற்றிலுள்ள இரும்புக் குழம்பு அப்படித்தான் புரள்கிறது. கப்பலின் திசைகாட்டி முள் வடக்கு நோக்குவதும் அதனாலேயே. சுழற்சி தனித்து நின்றால் புரளலைத் தடுக்கும். காந்தமும் அப்படியே. இரண்டும் ஏறக்குறைய சம பலத்தில் சேர்ந்தாலோ, தடை தளரும்! காந்தத்தின் தடையைச் சிகாகோவிலேயே நாகாகாவா என்ற ஜப்பானியர் 1955-ல் பாதரசத்தில் சோதித்து மெய்ப்பித்தார்.

கம்ப்யூட்டர் பரவாத காலம். கணக்கிடும் யந்திரத்தில் ஓயாமல் இலக்கங்களைத் தட்டியவர் டோனா எல்பர்ட் அம்மையார். 1948-ல் சந்திரசேகரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் பெரிய ஓட்டங்களும் சிறிய ஓட்டங்களும் ஒருங்கே இருக்க முடியும் என்று முதலில் கண்டவர் அவரே. குமாஸ்தா வேலைதானே என்று ஒதுக்காமல், சந்திரசேகர் கட்டுரைகளில் அவரைக் கூட்டாசிரியராகப் போட்டார். பெரிய மனிதர்கள் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

1961-ல் இத்துறை பற்றிய பெருநூலை வெளியிட்டதும் சந்திரசேகர் வேறு துறைக்குப் போய்விட்டார். அது அவர் வழக்கம். 1995 ஆகஸ்ட் 21-ல் சிகாகோவில் காலமானார்.

அம்மையார் கண்ட அந்த வரம்புக்கு எல்பர்ட் என்றே ஆராய்ச்சியாளர்கள் பெயர் சூட்டியது 2022-ல். அவர் 2019-லேயே மறைந்துவிட்டார்.